கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்?

எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அந்த அட்டவணையை எல்லோரும் படித்திருப்போம். ஒரு பக்கம் புதுப்பிக்கத்தக்க வளங்கள்: காற்று, வெயில், தண்ணீர், காடு, மீன். மறுபக்கம் புதுப்பிக்க இயலாதவை: நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள். நடுவே ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. வேறுபடுத்துக, இரண்டு மதிப்பெண். பரீட்சைக்கு அது தாராளமாகப் போதும்.

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வந்தால் அதை எங்கே இழுப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதுதான். மாவட்டம் சின்னது. காலையில் ஆரல்வாய்மொழியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் காற்றாலை, வயல், அணை, ரப்பர், கல்குவாரி, மீன்பிடித் துறைமுகம், கருமணல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். எதை உற்றுப் பார்த்தாலும் ஒரு கால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொரு கால் அந்தப் பக்கமுமாக நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். அட்டவணையில் சந்தேகமே இல்லாமல் முதல் பக்கத்துக்குப் போவது அதுதான். சில வருடம் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றுக்கு ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்து முப்பந்தலில் மின்சாரக் காத்தாடிகள் இருந்தன. அவற்றின் யூனிட் கணக்கு எழுதுவது என் வேலை.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடல் பக்கமிருந்து வந்து மலையில் முட்டுகிறது. மலைத்தொடர் முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழி கணவாய் திறந்து கிடப்பதால் நெருக்கிக்கொண்டு அதன் வழியே கிழக்கே பாய்கிறது. வைகாசிப் பாதியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரை இதே கதைதான். ஆடி மாதம் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் காசு போட்டுக் கும்பிட லாரியை நிறுத்தும் டிரைவர்களைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் வேட்டி, மறு கையில் வண்டிக் கதவு. இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். அதனால்தான் ஜூலை மாத யூனிட்டையும் நவம்பர் மாத யூனிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மெஷினிலிருந்து வந்தவை என்று நம்ப முடியாது. சீசனில் உற்பத்தியானதை மின்வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை அரசாணை மொழியில் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

சரி, இந்தக் காற்று தீருமா? தீராது. சூரியன் நிலத்தையும் கடலையும் வெவ்வேறு அளவில் சூடாக்கிக்கொண்டிருக்கும் வரை வந்துகொண்டே இருக்கும். இந்த வருடம் நாம் எடுத்ததால் அடுத்த வருடம் குறையப் போவதில்லை. ஆனால் காற்று வருகிற நல்ல இடம் தீரும். ஒரு காத்தாடியைக் கடந்து வருகிற காற்று வேகம் குறைந்து, கலங்கித்தான் வரும். பின்வரிசையில் நிற்பவனுக்கு அந்த மிச்சம்தான். அதனால் இடைவெளி விட வேண்டும். கணவாயில் இருக்கிற நிலமோ இவ்வளவுதான். 1990களில் அந்த நிலத்தில் நட்டதெல்லாம் 225, 250 கிலோவாட் மெஷின்கள். இன்று ஒரே கோபுரத்தில் 2 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. அதாவது மாவட்டத்தின் ஆக நல்ல காற்று, ஆகச் சின்ன மெஷின்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழையதைக் கழற்றிப் பெரியது நடலாம் என்றால் பக்கத்து மெஷின் வேறொருவருடையது, நடுவில் இருக்கும் பாதை இன்னொருவருடையது. இதற்காகவே தமிழக அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட வேண்டியிருந்தது.

அப்புறம் மெஷின். அதற்கு ஆயுள் 20, 25 வருடம். கோபுரம் இரும்பு, காயலான்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார். இறக்கை கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து இறுகவைத்தது. உருக்கி மறுபடி வார்க்க முடியாது. அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தோண்டி எடுக்க யாருக்கும் மனசு வராது. அதற்காகக் காற்றாலையே மோசடி என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளை நான் நம்புகிறவன் இல்லை. ஒரு காற்றாலையைச் செய்து நிறுத்தச் செலவான சக்தியை அது ஏறத்தாழ ஒரு வருடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மீதி இருபது வருடமும் லாபம்தான். எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒரு சந்தேகம் மட்டும். வந்துகொண்டே இருக்கும் காற்று ஒரு கணக்கு. அதைப் பிடிக்கும் இடமும் இரும்பும் வேறு கணக்கு. பாடப்புத்தகம் முதல் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு மணியடித்துவிடுகிறது.

இந்த விஷயம் எனக்கு நன்றாக உறைத்த இடம் ரப்பர் விளை. குலசேகரம் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் மரம் உண்டு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே பெரும்பாலும் இந்த மாவட்டம்தான். மலையோரத்தில் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள்; கீழே எங்களைப் போன்றவர்களின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் விளைகள்.

பால் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு வேலை தொடங்கும். வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் வரத்தும் குறையும். பட்டையில் ஏற்கெனவே சாய்வாக ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் இறக்கம், மரத்தின் சுற்றளவில் பாதி. அந்தக் கோட்டின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு சீவல். விரல்நுனியில் எடுத்துப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். சீவியதும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, சேர்ந்து, கோடாகி, சிரட்டைக்குள் சொட்ட ஆரம்பிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் இதே வேலை. கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். மேலே வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்துகொண்டே வரும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். அதுவும் முடிவதற்குள் முதல் பக்கத்துப் புதுப்பட்டை மறுபடி வெட்டுகிற கனத்துக்கு வந்திருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. சரியாக நடந்தால் ஒரே மரத்திலிருந்து இருபது, இருபத்தைந்து வருடம் பால் எடுக்கலாம்.

சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. வெளிப்பக்கம் பட்டையையும் உள்பக்கம் கட்டையையும் உண்டாக்குவது அதுதான். கேம்பியம் என்று தாவரவியலில் சொல்வார்கள். கத்தி அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். பட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது. முண்டும் முடிச்சுமாகத் தடித்து, பிறகு கத்தியே ஓடாது. வேடிக்கை என்னவென்றால், பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பதும் அந்த அடுக்கை ஒட்டித்தான். ஆழம் போகப்போகப் பால் கூடும். பேராசைக்காரனுக்கு முதல் மாதம் நல்ல வரும்படி.

எங்கள் விளையில் பல வருடமாக வெட்டுகிற அண்ணன் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். "ஆழமா விட்டா பால் கூடும் மக்கா, இன்னைக்குக் கூடும். பொறவு?"

அந்தப் 'பொறவு' என்னவென்று நிறைய விளைகளில் கண்ணால் பார்க்கலாம். விலை ஏறும்போது தினமும் வெட்டுவது, ஹார்மோன் மருந்து தடவிப் பாலை இழுப்பது, குத்தகைக்கு எடுத்தவன் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் கறந்துவிடப் பார்ப்பது. ஒரு கட்டத்தில் பட்டை மரத்துப்போகும். கத்தி வைத்தால் பால் வராது. வெட்டுக்கோடு காய்ந்து பழுப்பாக நிற்கும். நன்றாகப் பால் தருகிறது என்று ஊரெல்லாம் நட்ட 105 என்ற ரப்பர் ரகத்துக்கு இந்த நோவு கொஞ்சம் அதிகம். மரம் பச்சையாக, இலையோடு, நிழலோடு நிற்கும். வழிப்போக்கன் பார்த்தால் செழிப்பான தோட்டம் என்பான்.

ரப்பர் மரம் எந்த அட்டவணையில் வருகிறது என்று இப்போது சொல்லுங்கள். அதே மரம், அதே மண், அதே மழை. ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் ஒரு பக்கம், ஒட்டிப்போனால் மறுபக்கம். அதனால் எந்த வளத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் என் மனதில் மூன்று கேள்விகள் ஓடும். எவ்வளவு வேகத்தில் திரும்ப வருகிறது? எவ்வளவு வேகத்தில் எடுக்கிறோம்? திரும்ப வரவைக்கிற அந்த அடுக்கு எது, அதைத் தொட்டுவிட்டோமா? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்டால்தான் பேச்சு சூடாகும். விதைநெல்லைக் குத்திச் சமைத்தவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு குறைவாகவா இருந்திருக்கும்?

(புதிதாக நட்டால் என்ன என்று கேட்கலாம். நடலாம். கன்று வளர்ந்து, இடுப்புக்கு மேலே சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்தபிறகுதான் கத்தி வைக்க முடியும். அதற்கு ஆறேழு வருடம். அதுவரை வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பார்?)

கடலுக்கு வருவோம். அங்கே மூன்றாவது கேள்விக்குப் பதில் எளிது: சினைமீனும் குஞ்சுமீனும். அதற்காகத்தான் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் இந்தத் தடை இரண்டு காலண்டரில் ஓடுகிறது. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு; ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள் ஒரு துறைமுகத்தில் படகு கரையேறி நிற்கும், இன்னொன்றில் ஏலம் நடக்கும். வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள், மீன் வியாபாரிகள் குழம்ப மாட்டார்கள்.

ஆனால் 'மீன்' என்று ஒற்றை வார்த்தையில் அட்டவணையில் எழுதியதுதான் பெரிய ஏமாற்று. சாளையை (மத்தி) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும், ஆயிரக்கணக்கில் முட்டையிடும், ஆயுளே இரண்டு மூன்று வருடம்தான். பக்கத்துக் கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை பிடித்தார்கள். 2021இல் அது 3,300 டன் அளவுக்கு விழுந்தது. சாளை கதை முடிந்தது என்று எழுதினவர்கள் உண்டு. 2023இல் மறுபடி லட்சம் டன்னுக்கு மேல். கடல் சூடானது, நீரோட்டம் மாறியது, குஞ்சையும் சேர்த்து வாரியது என்று வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் இருந்தும், எழுந்து நிற்கிற வேகம் அந்த இனத்துக்கு உண்டு. அது ஏறி இறங்குகிற மீன்.

தூத்தூர்க்காரர்கள் தேடிப்போவது வேறு மீன். இந்தியாவின் ஆழ்கடல் சுறா வேட்டையில் தூத்தூர் வட்டாரத்து ஊர்களுக்கு ஈடு கிடையாது. வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து தூண்டில் போடுகிறவர்கள். அவர்கள் பிடிக்கிற சுறாக்களில் பல, பருவத்துக்கு வரவே பல வருடம் எடுப்பவை. ஈற்றுக்கு இரண்டே குட்டி போடும் வகையும் அதில் உண்டு. அதே கடல், அதே டீசல். சாளைக்கு ஏற்ற வேகத்தில் சுறாவைப் பிடித்தால், சுறா தாதுப்பொருள் மாதிரிதான். இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே போகிறோம். இரண்டு மாதத் தடை சாளைக்கு உதவும் அளவுக்குச் சுறாவுக்கு உதவாது. குட்டி போட்டு, அது வளர்ந்து, அது குட்டி போட வேண்டுமே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொடிமீனை டன் கணக்கில் மீன்மாவு ஆலைக்கு ஏற்றிவிட்டு, அப்புறம் மீன்வளம் புதுப்பிக்கத்தக்கது என்று மேடையில் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

தண்ணீர் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் வரத்துக்குக் குறைவில்லை. அதை நம்பித்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். மழைநீர் கோதையாற்றில் முதலில் மின்சாரமாகிறது. அங்குள்ள இரண்டு நீர்மின் நிலையங்களும் சேர்ந்து 100 மெகாவாட். அப்படிச் சுழன்று வந்த தண்ணீரே பேச்சிப்பாறையில் சேர்ந்து கால்வாய் வழியே வயலுக்கு வருகிறது. மின்சாரம் எடுத்ததால் அது ஒரு சொட்டும் குறையவில்லை. இந்த அளவில் பாடப்புத்தகம் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1897இல் தொடங்கி 1906இல் முடித்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு மழையும் தண்ணீரை மட்டும் கொண்டுவரவில்லை, மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பேப்பரை வாங்கியதும் முதலில் பார்ப்பது அணை நிலவரம்: பேச்சிப்பாறை 48 அடியில் எத்தனை, பெருஞ்சாணி 77 அடியில் எத்தனை. நீர்மட்டம் 48 அடி என்று போடுவார்கள். அந்த 48 அடிக்குள் அடியில் கிடக்கிற சேறு எத்தனை என்று போட மாட்டார்கள். தண்ணீர் வருடா வருடம் புதிதாக வருகிறது. அது நிற்கிற குழி ஒரே ஒரு முறை செய்தது, அதன் கொள்ளளவு வருடா வருடம் குறைகிறது. தூர் எடுக்கலாம்தான். மலைக்காடு அடர்த்தியாக இருந்தால் தூர் மெதுவாகச் சேரும். ஆக, தண்ணீருக்குக் கேம்பியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அணையைக் காட்டக் கூடாது; மேலே கைநீட்ட வேண்டும்.

குளங்கள் கதையும் இதுதான், நிறைய எழுதப்பட்டதும்கூட. வயல் ப்ளாட்டானபின் குளத்துக்குக் காவல் கிடையாது. அவ்வளவு சொன்னால் போதும். கல்குவாரியைப் பற்றியும் நீட்ட மாட்டேன். உருவாகி 50 கோடி வருடத்துக்கு மேலான பாறையை உடைத்து ஜல்லியாகவும் எம்சாண்டாகவும் டாரஸ் லாரியில் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு அனுப்புகிறோம். அதில் மூன்று கேள்விக்கும் வேலையில்லை. முதல் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது.

மணல்தான் என்னை ரொம்பக் குழப்பியது.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்க்கிறார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோரியத்துக்கு அடிதடி, ஏனென்றால் கேஸ் விளக்கின் மேண்டில் அதில்தான் செய்யப்பட்டது. நம் வீட்டுக் கல்யாணங்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் வெள்ளையாகப் பளபளத்ததும் அதே சாமான்தான். கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்து மணலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒரு கிராமத்துக் கயிற்றில் ஒட்டிய மண் உலகச் சந்தையைக் கரைக்கு இழுத்து வந்தது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். இப்போது அங்கே இருப்பது அணுசக்தித் துறையின் கீழ் வரும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் ஆலை. மணலிலிருந்து பிரிக்கிற கனிமங்களில் இல்மனைட் வெள்ளைப் பெயிண்டுக்கும், ஸிர்கான் பீங்கானுக்கும், கார்னெட் உப்புத்தாளுக்கும் போகிறது. மோனசைட் அரசாங்கத்தின் கையில்.

இந்த மணல் எப்படி வருகிறது? மலைப்பாறை காலகாலமாக இற்று உதிர்ந்து, மழையில் கரைந்து, ஆற்றோடு கடலுக்கு வருகிறது. மணவாளக்குறிச்சிக்கு வள்ளியாறு பக்கத்திலேயே கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அலை கரையை அடித்துப் புடைக்கும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும். கனமான கருமணல் கரையில் தங்கும். ஆடி ஆவணிக்குப் பிறகு போய்ப் பார்த்தால் கரையில் கறுப்பு வரிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் தெரியும். அதை வாரி எடுத்தாலும் அடுத்த பருவத்தில் மறுபடி வரும். நூறு வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் தாதுவே புதுப்பிக்கத்தக்கதா? அட்டவணை கவிழ்ந்துவிட்டது என்று கொஞ்ச நாள் நானே சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யோசிக்க வேண்டியது இது: கரைக்கு வருகிற கருமணலில் ஒரு பங்கு மலையிலிருந்து புதிதாக வந்தது. இன்னொரு பங்கு பக்கத்துக் கரையிலிருந்தும் கடலடியிலிருந்தும் நகர்ந்து வந்தது. நகர்ந்து வந்தால் அது வரவு ஆகாது. ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான வரவோ குறைந்துகொண்டிருக்கிறது. அணையும் தடுப்பணையும் மணலை மேலேயே நிறுத்திவிடுகின்றன. ஆற்று மணலை நாம் வீடு கட்ட எடுத்துவிட்டோம். கரையோரமாக நகர்கிற மணலையும், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்சுவர்களான தூண்டில் வளைவுகளும் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்களும் மறிக்கின்றன. ஒரு பக்கம் மணல் குவிகிறது, மறுபக்கம் கடலரிப்பில் வீடு போகிறது. தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகு கவிழ்ந்து உயிரே போயிருக்கிறது. மணல் இல்லாமல் ஒரு ஊர் அழுகிறது, மணலால் இன்னொரு ஊர்.

தோரியத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அணு உலைக்கு அதுதான் 'தீராத எரிபொருள்' என்று மேடைகளில் பேசுவதால். தோரியத்தின் அரைவாழ்வுக்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்து தீர ஆகும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பூமிக்கே 450 கோடி ஆண்டுதான் ஆகிறது. பூமி பிறப்பதற்கு முன்பே எங்கோ வெடித்த நட்சத்திரங்களில் உண்டானது அது. இங்கே ஒரு கிராம்கூடப் புதிதாக ஊறப்போவதில்லை. நிறைய இருக்கலாம், சில நூறு வருடத்துக்குக்கூட வரலாம். நிறைய இருப்பது வேறு, திரும்ப வருவது வேறு.

அப்புறம் இதே மோனசைட்டில் நியோடிமியம் என்ற உலோகமும் இருக்கிறது. புதிய காற்றாலைகளில் சில வகைகளின் ஜெனரேட்டருக்குள் நியோடிமியம் காந்தம்தான் வைக்கிறார்கள். (நான் கணக்கு எழுதிய பழைய மெஷின்களில் அது கிடையாது.) திரும்ப வராத மணலை எடுத்துத்தான் திரும்பத் திரும்ப வரும் காற்றைப் பிடிக்கிறோம். இதில் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. இருப்பதில் எடுக்கிற பொருளை எரித்துத் தீர்ப்பதைவிட, காந்தமாக்கி இருபது வருடம் சுழலவிட்டு, பிறகு அந்தக் காந்தத்தையும் மீட்டெடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் காற்று இலவசம் என்று பேசுகிறவர்கள், அந்த மணலுக்கு மேலே குடியிருப்பவர்களிடம் வந்து அதைச் சொல்லட்டும்.

ஏனென்றால் அந்தப் பேச்சு இப்போது கிள்ளியூர் வட்டத்துக்கு வந்துவிட்டது. மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்க ஐஆர்இஎல் திட்டமிட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பு காரணமாகத் தள்ளிப்போனது. எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் பேசுவது கதிர்வீச்சையும் புற்றுநோயையும். அது பேசப்பட வேண்டியதுதான். அதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையாக இருந்தவன் புத்திக்கு வேறொன்று உறுத்துகிறது.

மணவாளக்குறிச்சிக் கரையில் அலை கொண்டுவந்து போடுகிற மணல் ஒரு கணக்கு. கிள்ளியூரில் கேட்பது கரையிலிருந்து உள்ளே தள்ளி, வீடும் தென்னையுமாக இருக்கிற நிலத்துக்கு அடியில் கிடக்கிற மணலையும் சேர்த்து. அங்கே எந்தப் பருவத்து அலையும் வந்து ஈடுகட்டாது. கனிமத்தைப் பிரித்துவிட்டு மிச்ச மணலைத் திரும்பக் கொட்டி மட்டம் செய்துவிடுவோம் என்கிறார்கள். பள்ளம் மூடும், சரி. அந்த மணல் இத்தனை காலம் பார்த்த வேலை ஒன்று உண்டு. கடலோர மணலில் இறங்குகிற மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேல் லேசான நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றில் குடிதண்ணீர் கிடைப்பது அதனால்தான். தண்ணீர் வருடா வருடம் திரும்ப வருவது. அது நிற்கிற பாத்திரம் அந்த மணல். பிரித்துக் கழுவித் திரும்பக் கொட்டிய மணலில் அதே அளவு தண்ணீர் அதே மட்டத்தில் நிற்குமா? மணவாளக்குறிச்சியில் தோண்டி மூடிய இடங்களைச் சுற்றியுள்ள கிணறுகளில், தோண்டுவதற்கு முன்பும் பின்பும் நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து வைத்திருப்பார்கள் அல்லவா? கூட்டம் மறுபடி நடந்தால் அந்த அளவுகளைத் தமிழில் அச்சடித்து முன்கூட்டியே ஊர் ஊராகக் கொடுக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.